இரத்த அழுத்தம் ஏறாதவர்களின் தமனியில் உப்பு: டெலாவேர் சோதனை பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

உப்பைக் குறைத்துக்கொள்ளும்படி மருத்துவர் சொல்லும்போது அதற்குக் காரணமாக அவர் சுட்டுவது பெரும்பாலும் இரத்த அழுத்தத்தைத்தான். ஆகவே, அழுத்தம் இயல்பாக இருப்பவர், அதிலும் ஊறுகாயும் கருவாடும் தாராளமாகச் சாப்பிட்ட பின்னும் கருவியில் எண் ஏறாதவர், அந்த அறிவுரை தமக்கு உரியதன்று என்று எடுத்துக்கொள்கிறார். உப்பு அழுத்தத்தின் வழியாக மட்டுமே இரத்தக் குழாயைத் தாக்குகிறது என்றால், அவர் எண்ணுவது சரியே. அந்த 'மட்டுமே' நிற்குமா என்று அறிய வேண்டுமானால், உப்பைக் கூட்டியும் அழுத்தம் ஏறாதவர்களையே தேர்ந்தெடுத்து, அவர்களுக்கு உப்பைக் குறைத்தும் மிகுத்தும் கொடுத்து, குழாயை நேரடியாக அளந்து பார்க்க வேண்டும். அமெரிக்காவின் டெலாவேர் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஃபார்குவார், டேவிட் எட்வர்ட்ஸ் ஆகியோரின் ஆய்வுக்குழு அப்படியொரு சோதனையைச் செய்தது. ஜெனிஃபர் டுபாண்ட் முதல் ஆசிரியராக இருந்து 2013-இல் வெளியான அந்தச் சோதனையே இங்கு எடுத்துக்கொள்ளப்படும் நிகழ்வு. அதற்கு முன்னும் பின்னும் வந்த சில ஆய்வுகளின் துணையின்றி அதைச் சரியாக எடைபோட இயலாது என்பதால் அவையும் இடையிடையே வருகின்றன.

உப்புக்கு அசையும் அழுத்தமும் அசையாத அழுத்தமும்

எல்லாருடைய உடலும் உப்புக்கு ஒரே விதமாக எதிர்வினை காட்டுவதில்லை. இண்டியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைரன் வெயின்பெர்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், சிரை வழியாக உப்புநீர் ஏற்றிய நிலையிலும், பின்னர் சிறுநீர்ப்பெருக்கி மருந்தும் உப்புக் குறைந்த உணவும் கொடுத்து உடலின் உப்பை வடியவைத்த நிலையிலும் அழுத்தத்தை அளந்து, வேறுபாட்டின் அளவைக் கொண்டு மக்களை வகைப்படுத்தினார். சராசரி அழுத்தம் (மேல், கீழ் அழுத்தங்களுக்கு இடைப்பட்ட ஒற்றை எண்) 10 மி.மீ. பாதரசமோ அதற்கு மேலோ இறங்கியவர்கள் உப்புணர்வு உடையவர்கள் என்றும், 5 மி.மீ.க்கு உட்பட்டே மாறியவர்கள் உப்பெதிர்ப்பு உடையவர்கள் என்றும் கொள்ளப்பட்டனர். இயல்பான அழுத்தம் கொண்டவர்களில் 26 சதவீதத்தினர் முதல் வகையிலும் 58 சதவீதத்தினர் இரண்டாம் வகையிலும் அடங்கினர், எஞ்சியவர்கள் இடைப்பட்டவர்கள். உயர் இரத்த அழுத்தம் உடையவர்களிடம் இக்கணக்கு 51 சதவீதம், 33 சதவீதம் எனத் தலைகீழாக இருந்தது.

நோயற்றவர்களில் பெரும்பான்மையினர் உப்பெதிர்ப்பு உடையவர்கள் என்பதே இதிலிருந்து இந்த நிகழ்வுக்குத் தேவைப்படும் செய்தி. உப்பெதிர்ப்பு உடையவரின் உடலுக்குள் உப்பு மிகுதியாக நுழையும்போது சிறுநீரகம் ரெனின் சுரப்பை அடக்குகிறது. ரெனின் குறைந்தால் ஆஞ்சியோடென்சினும், அதைத் தொடர்ந்து அல்டோஸ்டெரோனும் குறைகின்றன. உப்பில் உள்ள சோடியத்தைப் பிடித்துவைக்கச் சொல்லும் ஹார்மோன்கள் அடங்கிவிடுவதால் மிகுதி சிறுநீரில் போய்விடுகிறது. சில நாள்களில் வரவும் செலவும் ஏறத்தாழச் சமமாகின்றன. உடல் தன் வேலையைச் செவ்வனே செய்துவிட்டது என்றுதான் இதைப் பார்த்து எவரும் சொல்வார்கள். டெலாவேர் குழு கேட்டது அதற்கு அடுத்த கேள்வி: இந்தச் சமாளிப்பு நடந்துகொண்டிருக்கும் வேளையில் குழாயின் உட்சுவர் எந்த நிலையில் இருக்கிறது?

உட்படலத்தை அளப்பது எப்படி

தமனியின் உட்புறம் முழுவதும் ஒரே ஓர் அடுக்கு செல்களால் ஆன மெல்லிய படலம் போர்த்தியிருக்கிறது. மருத்துவத்தில் எண்டோதீலியம் எனப்படும் இந்த உட்படலம் இரத்தம் ஒட்டாமல் ஓடுவதற்கான வழவழப்பான பூச்சு என்பதற்கு மேல் பெரிதாக மதிக்கப்படாமல் நெடுங்காலம் இருந்தது. 1980-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ராபர்ட் ஃபர்ச்காட், முயலின் பெருந்தமனித் துண்டுகளை வைத்துச் செய்த சோதனையில், அசிட்டைல்கோலின் என்ற பொருள் தமனித் தசையைத் தளர்த்த வேண்டுமானால் உட்படலம் சிதையாமல் இருக்க வேண்டும் என்று காட்டினார். உட்படலம் உரசிப் போயிருந்த துண்டுகள் தளரவில்லை. ஆகவே அந்தச் செல்களிலிருந்து ஏதோ ஒன்று சுரந்து தசைக்குச் செல்கிறது என்பது உறுதியாயிற்று. சில ஆண்டுகளில் அது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு என்று தெரிந்தது. இந்த வழியில் நடந்த கண்டுபிடிப்புகளுக்காக ஃபர்ச்காட், லூயி இக்னாரோ, ஃபெரிட் முராட் மூவருக்கும் 1998-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

உயிரோடிருக்கும் மனிதரிடம், குழாயை வெட்டாமலும் ஊசி போடாமலும் இந்தச் செயலை அளக்கும் முறையை டேவிட் செலர்மேஜரும் அவருடைய குழுவினரும் 1992-இல் வெளியிட்டனர். சோதனைக்கு வருபவர் வெறும் வயிற்றோடு அமைதியாகப் படுத்திருக்க வேண்டும். மேற்கையில் ஓடும் புயத்தமனியின் விட்டம் அல்ட்ராசவுண்ட் கருவியால் முதலில் அளக்கப்படும். பின்னர் முன்கையில் கட்டிய அழுத்தப்பட்டையில் காற்றை ஏற்றி, இரத்த ஓட்டத்தை 5 நிமிடம் நிறுத்திவைப்பார்கள். பட்டையைத் தளர்த்தியதும் இரத்தம் வேகமாகப் பாயும், அந்தப் பாய்ச்சல் உட்படலத்தை உரசிச் செல்லும், உரசலை உணர்ந்த செல்கள் நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கும், அது தசைக்குள் ஊடுருவித் தளர்த்தும், தமனி விரியும். ஏறத்தாழ 1 நிமிடத்துக்குள் உச்சத்தை அடையும் இந்த விரிவு, தொடக்க விட்டத்தின் எத்தனை சதவீதம் என்பதே இறுதி அளவு. சதவீதம் கூடுதலாக இருந்தால் உட்படலம் சுறுசுறுப்பாக வேலை செய்கிறது என்று பொருள்.

இந்த அளவீட்டை நான் மதிக்கிறேன். ஆனால் அதைக் கையாளுவது எளிதென்று எண்ணிவிடக் கூடாது. பட்டையை எங்கே கட்டுவது, சோதனைக்கு முன் காபி குடித்தாரா, அறையின் வெப்பம் என்ன, பெண்ணாக இருந்தால் மாதவிடாய்ச் சுழற்சியில் எந்தக் கட்டம் என்பவையெல்லாம் எண்ணை மாற்றிவிடும். ஓர் ஆய்வுக்கூடத்தில் 10 சதவீதம் என்று வருவது இன்னொரு கூடத்தில் 6 சதவீதம் என்று வரலாம். ஆகவே ஒரே கூடத்தில், ஒரே முறையில், அதே நபரிடம் எடுத்த இரண்டு அளவுகளை ஒப்பிடுவதே நம்பத்தக்கது. டெலாவேர் சோதனையின் அமைப்பு இந்த நிபந்தனைக்குப் பொருந்துகிறது.

சோதனை நடந்த விதம்

பங்கேற்றவர்கள் 14 பேர்: 9 ஆண்கள், 5 பெண்கள், சராசரி வயது 33. எல்லாரும் நோயற்றவர்கள். முதலில் அனைவருக்கும் பொதுவான அடிப்படை உணவு தரப்பட்டது. அதன் பின்னர் 7 நாள் உப்புக் குறைந்த உணவும் 7 நாள் உப்பு மிகுந்த உணவும், எது முதலில் என்பதைச் சமவாய்ப்பு முறையில் தீர்மானித்து, ஒவ்வொருவருக்கும் கொடுக்கப்பட்டன. உணவைத் தயாரித்துக் கொடுத்தவர்கள் ஆய்வாளர்களே என்பதால், "உப்பைக் குறைத்துச் சாப்பிடுங்கள்" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடும் ஆய்வுகளில் உள்ள தடுமாற்றம் இங்கு இல்லை. சிறுநீரில் வெளியேறிய சோடியம் உப்பு மிகுந்த வாரத்தில் தெளிவாகக் கூடியிருந்தது. கொடுத்ததை அவர்கள் சாப்பிட்டார்கள் என்பதற்கு அதுவே சான்று.

அளவுகளைச் சமையலறைக் கணக்கில் பார்ப்பது நல்லது. குறைந்த உணவில் நாளொன்றுக்கு 20 மில்லிமோல் சோடியம். சமையல் உப்பாக மாற்றினால் ஏறக்குறைய 1.2 கிராம். மிகுந்த உணவில் 300 முதல் 350 மில்லிமோல், உப்பாக 17.5 முதல் 20.5 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டிக்குக் குறையாமல். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கும் வரம்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவு. இரண்டு உணவுகளுமே எந்த வீட்டிலும் அன்றாடம் நிகழ்பவை அல்ல என்பதை இப்போதே குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இதற்குத் திரும்ப நேரும்.

அழுத்தத்தை ஒரு முறை மட்டும் அளந்து முடிவு கட்டாமல், 24 மணி நேரமும் உடலோடு இருந்து இடைவெளி விட்டு அளந்துகொண்டே வரும் கருவியின் சராசரியை எடுத்துக்கொண்டதை இந்தச் சோதனையின் பெரிய பலமாகக் கருதுகிறேன். இரு உணவுகளுக்கும் இடையில் அந்த 24 மணி நேரச் சராசரித் தமனி அழுத்தம் 5 மி.மீ.க்கு மேல் மாறாதவர்கள் மட்டுமே உப்பெதிர்ப்பு உடையவர்களாகக் கணக்கில் சேர்க்கப்பட்டனர். மருத்துவமனையில் ஒருமுறை பட்டை கட்டி எடுத்த எண்ணை நம்பியிருந்தால், இரவில் ஏறியிருக்கக்கூடிய அழுத்தம் கண்ணில் படாமல் போயிருக்கும். "அழுத்தம் ஏறவே இல்லை" என்ற அடித்தளமே ஆட்டம் கண்டிருக்கும்.

கிடைத்த முடிவு

குறைந்த உப்பில் சராசரித் தமனி அழுத்தம் 84 மி.மீ. பாதரசம், மிகுந்த உப்பில் 85. ஏறக்குறைய பதினைந்து மடங்கு உப்பு உள்ளே போயும் அழுத்தத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. தமனியின் விரிவோ 10.3 சதவீதத்திலிருந்து 7.3 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. விகிதமாகச் சொன்னால், விரியும் திறனில் பத்தில் மூன்று பங்கு ஒரே வாரத்தில் குறைந்துபோயிற்று. ரெனின் செயற்பாடு, ஆஞ்சியோடென்சின், அல்டோஸ்டெரோன் மூன்றும் உப்பு மிகுந்த வாரத்தில் அடங்கியிருந்தன; உடலின் சமாளிப்பு எதிர்பார்த்தபடியே நடந்திருந்தது.

அழுத்தமானியை மட்டும் பார்த்திருந்தால் இந்த 14 பேருக்கும் உப்பால் எந்த விளைவும் இல்லை என்றே எழுதியிருப்பார்கள். அழுத்தம் என்பது இதயம் தள்ளும் இரத்தத்தின் அளவு, சிறு குழாய்களின் தடை, உடலில் உள்ள நீரின் அளவு ஆகிய பலவற்றின் கூட்டு விளைவு. அவற்றில் ஒன்று கெட்டாலும் மற்றவை ஈடுகட்டினால் கூட்டுத்தொகை மாறாது. உட்படலத்தின் செயல் அந்தக் கூட்டுத்தொகைக்கு அடியில் தனியாகச் சரிய இடமுண்டு என்பதையே இந்த நிகழ்வு முதன்மையாகக் காட்டுகிறது.

எண்களின் அளவைப் பற்றியும் நிதானம் வேண்டும். 4 மி.மீ. விட்டமுள்ள தமனி என்று வைத்துக்கொண்டால், 10.3 சதவீதம் என்பது 0.41 மி.மீ. விரிவு, 7.3 சதவீதம் என்பது 0.29 மி.மீ. இடையிலுள்ள வேறுபாடு ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அல்ட்ராசவுண்ட் படத்தில் கண்ணால் அளந்து சொல்லக்கூடிய அளவல்ல இது. குழாயின் விளிம்பைக் கண்டுபிடித்துப் பல இதயத் துடிப்புகளுக்குச் சராசரி எடுக்கும் மென்பொருளின் துணையால்தான் இது சாத்தியம். 14 பேரின் சராசரியாகப் பார்க்கும்போது இந்த வேறுபாடு நம்பத்தக்கது; தனியொருவரின் ஒற்றை அளவீட்டை வைத்துக்கொண்டு "உங்கள் தமனி உப்பால் கெட்டுவிட்டது" என்று அவரிடம் சொல்வதற்கு அது போதாது.

எந்த வழியாக

இந்த நிகழ்வின் செழுமையான பகுதி இதுதான். விடை முழுமையடையாத பகுதியும் இதுதான்.

முதல் தடயம் அதே டெலாவேர் குழு 2012-இல் வெளியிட்ட இன்னொரு சோதனையிலிருந்து கிடைக்கிறது. ஜோடி கிரீனி முதல் ஆசிரியராக இருந்த அந்த ஆய்வில், உப்பெதிர்ப்பு உடைய நோயற்றவர்களிடம் முன்கைத் தோலின் நுண்குழாய்கள் ஆராயப்பட்டன. மயிரிழை போன்ற நுண்குழல்களைத் தோலுக்குள் செலுத்தி, அந்தச் சிறு பரப்புக்கு மட்டும் மருந்து போய்ச் சேரும்படி செய்து, அந்த இடத்தை மெல்லச் சூடாக்கி, இரத்த ஓட்டம் எவ்வளவு கூடுகிறது என்று லேசர் ஒளியால் அளந்தனர். உப்பு மிகுந்த வாரத்தில் சூட்டுக்குக் கிடைத்த விரிவு குறைந்தது. இங்கும் அழுத்தம் ஏறவில்லை. அதே வாரத்தில், நுண்குழல் வழியாக அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சி, செலுத்தப்பட்ட இடத்தில் விரிவு மேம்பட்டது. ஆக்சிஜனேற்றத் தாக்கத்தைத் தணிக்கும் பொருள் கிடைத்ததும் செயல் மீள்கிறது என்றால், அந்தத் தாக்கம்தான் நைட்ரிக் ஆக்சைடைக் குறைத்திருக்க வேண்டும். சூப்பர்ஆக்சைடு எனப்படும் துடிப்பான மூலக்கூறு நைட்ரிக் ஆக்சைடோடு நொடியில் வினைபுரிந்து அதைப் பயனற்றதாக்கிவிடும் என்பது வேதியியலில் நன்கு நிறுவப்பட்ட ஒன்று. இதைப் படித்துவிட்டு உப்புக்கு மாற்றாக வைட்டமின் சி மாத்திரை போட்டுக்கொள்ளலாம் என்று எவரும் கிளம்பிவிடக் கூடாது: நுண்குழல் வழியாகத் தோலுக்குள் நேரே சென்ற அளவை மாத்திரையால் எட்ட முடியாது.

இரண்டாவது தடயம் சற்று வியப்பூட்டுவது. உப்பு மிகும்போது ஆஞ்சியோடென்சின் அடங்குவதை மேலே கண்டோம். உயர் அழுத்த சிகிச்சையில் ஆஞ்சியோடென்சின் பகையாளி. ராமிப்ரில், டெல்மிசார்டான் போன்ற மருந்துகள் அதன் உற்பத்தியைக் குறைக்கவோ அதன் செயலைத் தடுக்கவோ கொடுக்கப்படுபவை. அது குறைந்தால் குழாய்க்கு நல்லது என்றுதானே எதிர்பார்க்க வேண்டும்? அமெரிக்காவின் மில்வாக்கியில் ஜூலியன் லம்பார்டும் குழுவினரும் எலிகளிடம் பல ஆண்டுகள் செய்த ஆய்வுகள் வேறு விதமாகச் சொல்கின்றன. உப்பு மிகுந்த தீனி தின்ற எலிகளின் குழாய்கள் விரிய மறுத்தன. அவற்றுக்கு அழுத்தத்தை ஏற்றாத மிகச் சிறிய அளவில் ஆஞ்சியோடென்சினை ஏற்றியபோது விரிவு திரும்பியது. குழாய்ச் சுவரில் சூப்பர்ஆக்சைடை அழிக்கும் நொதிகள் போதிய அளவில் உருவாக, அடிமட்ட அளவு ஆஞ்சியோடென்சின் தேவைப்படுகிறது என்பதே அவர்கள் தரும் விளக்கம். இது சரியானால், உப்பெதிர்ப்பு உடையவரின் அழுத்தத்தைக் காப்பாற்றிய அதே ஹார்மோன் அடக்கம்தான் அவருடைய உட்படலத்தின் பாதுகாப்பைத் தளர்த்துகிறது. எலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆயினும் டெலாவேர் சோதனையில் ஹார்மோன் அடக்கமும் விரிவுக் குறைவும் ஒன்றாகத் தென்பட்டிருப்பது இந்த விளக்கத்தோடு ஒத்துப்போகிறது.

மூன்றாவது தடயம் ஜெர்மனியின் மியூன்ஸ்டர் நகரிலிருந்து வருகிறது. ஹான்ஸ் ஓபர்லைத்னரின் குழு, மிக நுண்ணிய முனையால் செல்லைத் தொட்டு அதன் விறைப்பை அளக்கும் அணுவிசை நுண்ணோக்கியைக் கொண்டு, வளர்ப்பில் உள்ள உட்படலச் செல்களை ஆராய்ந்து 2007-இல் முடிவை வெளியிட்டது. சுற்றியுள்ள திரவத்தின் சோடியச் செறிவு சற்றே ஏறினாலும் செல்கள் நிமிடங்களுக்குள் விறைத்தன. நைட்ரிக் ஆக்சைடு வெளியீடும் குறைந்தது. விறைத்த செல் உரசலுக்கு இணங்கி வளைவதில்லை. வளையாத செல் சுரப்பதில்லை. கேட்பதற்குத் தெளிவான கதை. ஆனால் அந்த விறைப்பு அல்டோஸ்டெரோன் உடனிருந்தபோது ஏற்பட்டது. டெலாவேரின் 14 பேரிடம் உப்பு மிகுந்த வாரத்தில் அல்டோஸ்டெரோன் அடங்கித்தான் இருந்தது. ஆகவே மியூன்ஸ்டர் விளக்கத்தை இந்த நிகழ்வுக்கு அப்படியே கொண்டுவந்து ஒட்டவைப்பவர்கள் இந்த முரணைத் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பது என் எண்ணம். ஆக்சிஜனேற்றத் தாக்கமே இங்கு முதன்மையான வழி என்பதற்கு, மனிதரிடமே கிடைத்த சான்று என்ற வகையில், கூடுதல் வலு இருக்கிறது.

ஐயங்களும் வரம்புகளும்

முன்பு குறித்துவைத்த அளவுப் பிரச்சினையே முதல் ஐயம். 1.2 கிராமும் 20 கிராமும் இரு ஓரங்கள். உப்பு அவ்வளவு குறைந்த நிலையில் ரெனினும் அல்டோஸ்டெரோனும் மிக உயர்ந்திருக்கும். அதுவும் உடலுக்கு அன்றாட நிலை அன்று. இந்த இரு புள்ளிகளை மட்டும் வைத்து, நாளொன்றுக்கு 6 கிராம் சாப்பிடுபவருக்கும் 9 கிராம் சாப்பிடுபவருக்கும் இடையில் என்ன வேறுபாடு என்று கோடு இழுத்துச் சொல்ல முடியாது.

அடுத்தது காலம். 7 நாளில் ஏற்பட்டது 7 நாளில் மீளக்கூடியது. உணவு மாறியதும் அதே நபரிடம் விரிவும் மாறியது என்பதே இந்தச் சோதனையின் அமைப்பு சொல்வது. ஆண்டுக்கணக்கில் உப்பு மிகுதியாகச் சாப்பிடும்போது இந்தக் குறைவு நிலைத்துவிடுகிறதா, உடல் பழகிக்கொள்கிறதா என்பதற்கு இதில் விடை இல்லை. தமனி விரிவு குறைந்தவர்களுக்கு இதய நோய் கூடுதலாக வருகிறது என்பது தொடர்கண்காணிப்பு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டது. விரிவு ஒரு சதவீதப் புள்ளி கூடுதலாக உள்ளவர்களிடம் ஆபத்து 8 முதல் 13 சதவீதம் வரை குறைவு என்று அத்தொகுப்புகள் கூறுகின்றன. இதை எடுத்து 3 புள்ளிக் குறைவோடு பெருக்கி, உப்புக்கு இத்தனை சதவீத ஆபத்து என்று கணக்குப் போடுவது தவறான கணக்கு. அந்தத் தொகுப்புகள் வெவ்வேறு மனிதர்களை ஒப்பிடுகின்றன. இந்தச் சோதனை ஒரே மனிதரின் இரு வாரங்களை ஒப்பிடுகிறது.

உப்பெதிர்ப்பு என்ற வகைப்பாடும் மனிதர் வகுத்த எல்லைக்கோடுதான், 4 மி.மீ. ஏறியவருக்கும் 6 மி.மீ. ஏறியவருக்கும் இடையிலான தூரம் காகிதத்தில் இருப்பது. டெலாவேர் குழுவே 2015-இல் வெளியிட்ட தொடர் ஆய்வு இந்த ஐயத்தின் கூர்மையைக் குறைத்தது. உப்புணர்வு உடையவர், உப்பெதிர்ப்பு உடையவர் ஆகிய இரு வகையினரிடமும் உப்பு மிகுந்த உணவு தமனி விரிவைக் குறைத்தது என்று அது கண்டது. அழுத்தம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் உட்படலத்தின் எதிர்வினை ஒரே திசையில் போவது, இவ்விரண்டும் தனித்தனி நிகழ்வுகள் என்ற வாதத்துக்கு முதல் சோதனையைவிட நல்ல ஆதாரம் என்று சொல்வேன். ஆண்களிடம் இந்தக் குறைவு பெண்களைவிட மிகுதி என்பதையும் அதே கூடத்தின் 2014 ஆய்வு காட்டியது. ஈஸ்ட்ரோஜன் உட்படலத்துக்குத் தரும் பாதுகாப்பு காரணமாக இருக்கலாம். தமனியின் விறைப்பைக் காட்டும் பிற அளவீடுகளில், ஆரோக்கியமானவர்களிடம் இவ்வளவு சீரான மாற்றம் எல்லா ஆய்வுகளிலும் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஒரு வேளைச் சாப்பாட்டின் அளவில்

ஓரங்களுக்கு இடைப்பட்ட நிலப்பரப்பை நிரப்பும் சான்று ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் கிடைக்கிறது. கேசி டிக்கின்சன், ஜெனிஃபர் கியோ, பீட்டர் கிளிஃப்டன் ஆகியோர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், உடல் எடை கூடிய, ஆனால் அழுத்தம் இயல்பாக இருந்த 29 பேருக்கு 2 வாரம் வழக்கமான உப்பும் 2 வாரம் குறைந்த உப்பும் தரப்பட்டன. வழக்கமானது 150 மில்லிமோல், அதாவது ஏறத்தாழ 8.8 கிராம் உப்பு; குறைந்தது 50 மில்லிமோல், அதாவது 3 கிராமுக்குச் சற்றுக் குறைவு. வழக்கமான உப்பில் தமனி விரிவு 3.4 சதவீதம், குறைந்த உப்பில் 4.9 சதவீதம். மேல் அழுத்தமும் 117-லிருந்து 112-ஆகக் குறைந்தது. ஆனால் எவருடைய அழுத்தம் எவ்வளவு குறைந்தது என்பதற்கும் எவருடைய விரிவு எவ்வளவு கூடியது என்பதற்கும் தொடர்பு தென்படவில்லை. பங்கேற்றவர்கள் எடை கூடியவர்கள் என்பதால் 'ஆரோக்கியமானவர்' என்ற சொல்லை இங்கு சற்று நெகிழ்த்தியே பயன்படுத்த வேண்டும். ஆனாலும் உப்பின் அளவு இப்போது சாதாரண வீட்டு அளவுக்கு வந்துவிட்டது.

அந்த 8.8 கிராம் எங்கோ தொலைவில் இருக்கும் எண் அன்று. சென்னையில் நகர்ப்புற மக்களிடம் நடந்து 2007-இல் வெளியான கியூர்ஸ் ஆய்வு, ஒருவர் உண்ணும் சராசரி உப்பு நாளொன்றுக்கு 8.5 கிராம் என்று உணவு வினாத்தாள் வழியாகக் கணக்கிட்டது. அடிலெய்டில் 'வழக்கமான உப்பு' என்று வைக்கப்பட்ட அளவும் சென்னையின் சராசரியும் ஏறக்குறைய ஒன்றே.

அதே அடிலெய்டு குழு 2011-இல் இன்னும் ஒரு படி இறங்கி, ஒரே ஒரு வேளை உணவின் விளைவைப் பார்த்தது. நோயற்ற, அழுத்தம் இயல்பான 16 பேர். ஒரு நாள் 65 மில்லிமோல் சோடியம் உள்ள உணவு, இன்னொரு நாள் 5 மில்லிமோல் மட்டுமே உள்ள உணவு. முதலாவதில் உள்ள உப்பு சுமார் 3.8 கிராம். சாம்பார், பொரியல், அப்பளம், ஊறுகாய், உப்புப் போட்ட மோர் எல்லாம் சேர்ந்த இலைச் சாப்பாட்டில் எளிதாக வந்துவிடக்கூடிய அளவு அது. உணவுக்குப் பின் அரை மணி நேரத்தில் உப்பு மிகுந்த உணவுக்காரர்களின் தமனி விரிவு 3.4 சதவீதம்; குறைந்த உப்பு நாளில் அவர்களுக்கே 6.1 சதவீதம். ஒரு மணி நேரத்தில் முறையே 2.2, 4.0. எந்தச் சாப்பாட்டுக்குப் பின்னும் விரிவு ஓரளவு குறைவது வழக்கம்தான். உப்பு அந்தக் குறைவை ஆழமாக்கியது. ஒரு நாளில் மூன்று வேளை இப்படிச் சாப்பிடுபவருக்கு உட்படலம் முழுத் திறனில் இருக்கும் நேரம் எவ்வளவு மிஞ்சும் என்ற கேள்வி இதைப் படிக்கும்போது எழாமல் இருக்காது. அதை நேரடியாக அளந்த சோதனை இதுவல்ல.

பொட்டாசியம் இடையில் புகும்போது

டெலாவேரில் 2020-இல் வெளியான ஆய்வு, பழைய சோதனையின் சட்டகத்தையே எடுத்துக்கொண்டு ஒரு மாற்றத்தைச் செய்தது. அழுத்தம் ஏறாத ஆரோக்கியமான இளம் வயதினருக்கு மூன்று விதமான ஒரு வார உணவுகள்: மிதமான பொட்டாசியத்தோடு குறைந்த சோடியம், அதே மிதமான பொட்டாசியத்தோடு 300 மில்லிமோல் சோடியம், 300 மில்லிமோல் சோடியத்தோடு ஏறத்தாழ இரு மடங்கு பொட்டாசியம். இரண்டாவது உணவில் தமனி விரிவு வழக்கம்போலக் குறைந்தது. மூன்றாவதில், சோடியம் அதே உயரத்தில் இருந்தும், அந்தக் குறைவு தணிந்தது. ஓபர்லைத்னர் குழு 2009-இல் வளர்ப்புச் செல்களிடம் கண்டதும் இதே திசையில் இருக்கிறது: பொட்டாசியம் கூடும்போது உட்படலச் செல் இளகி, நைட்ரிக் ஆக்சைடைக் கூடுதலாக வெளியிட்டது.

இந்த முடிவின் பொருள் உப்பைப் பற்றிக் கவலையின்றி இருக்கலாம் என்பதாகாது. கீரை, பருப்பு, வாழைப்பழம், இளநீர் என்று பொட்டாசியம் நிறைந்தவை உணவில் எவ்வளவு இருக்கின்றன என்பதைப் பொறுத்து, ஒரே அளவு உப்பு இருவருடைய தமனியில் வெவ்வேறு அளவில் வேலை செய்யலாம் என்பதே அதிலிருந்து கொள்ளத்தக்கது. உப்பு ஆய்வுகளின் முடிவுகள் நாட்டுக்கு நாடு மாறுபடுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். சிறுநீரகம் பழுதடைந்தவர்களும், ஆஞ்சியோடென்சினைத் தடுக்கும் மருந்துகளையோ பொட்டாசியத்தைத் தேக்கிவைக்கும் சிறுநீர்ப்பெருக்கிகளையோ உட்கொள்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் பொட்டாசியம் கலந்த மாற்று உப்புக்கு மாறக் கூடாது. அவர்களுடைய இரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறக்கூடும். 2020 ஆய்வில் பங்கேற்றவர்கள் அனைவரும் சிறுநீரகம் நன்றாக இயங்கும் இளைஞர்கள்.